சால்டரிங் கற்க வந்தவர்களோடு: கோலாலம்பூர், பினாங்கு அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பிளாட் பிள்ளைகளுக்குச் சால்டரிங், அதாவது மின்பாகங்களை உருக்கிய ஈயத்தால் போர்டில் ஒட்டவைக்கும் வேலை, சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு: "எனக்குக் கை வரல அண்ணே." போன மாதம் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பெண் அப்படித்தான் சொன்னாள். அவள் கொண்டுவந்த அயனை (ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல்) வாங்கி முனையைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. ஈயக் கம்பியை அதில் வைத்தால் ஒட்டாமல் உருண்டு மேசையில் விழுந்தது. கறுத்துப்போன முனையிலிருந்து சூடு வேலைக்கு இறங்காது. பிள்ளையின் கையில் ஒரு குறையும் இல்லை.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இல்லாத அயன், சொருகி வைத்த நேரமெல்லாம் சூடேறிக்கொண்டே போய்த் தன் முனையைத் தானே கெடுத்துக்கொள்ளும். போதாததற்கு அவள் கொண்டுவந்த செட்டில் ஊசி மாதிரி முனை. மெல்லிய வேலைக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் தொடும் பரப்பு குறைவு, சூடு போய்ச் சேராது. சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய என்னுடைய ஸ்டேஷனில் உளி முனையை மாட்டி 340 டிகிரி வைத்துக் கொடுத்தேன். "போர்டுல இருக்குற செம்புப் பொட்டு, அந்தப் பேடையும் ரெசிஸ்டரோட கம்பிக் காலையும் ஒண்ணா தொடு, ரெண்டு மூணு செகண்ட் சூடாக்கு, அப்புறம் கம்பிய எதிர்ப்பக்கத்துல இருந்து குடு." ஈயம் சட்டென்று பரவிக் காலைச் சுற்றி ஏறி, கூடாரத் துணி போல் உள்வாங்கி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஒரு பிள்ளை தன் மேல் நம்பிக்கை இழப்பதற்கு மட்டமான ஒரு அயன் போதும் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சாமான் வாங்க புடு வட்டாரத்து பசார் ரோடுக்குப் போங்கள். அங்கே எலக்ட்ரானிக் உதிரிச் சாமான் கடைகள் உண்டு. நடுவில் பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), 0.8 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அது 183 டிகிரியில் உருகும், அதே சூட்டில் இறுகியும் விடும். கை கொஞ்சம் ஆடினாலும் இணைப்பு அவ்வளவு கெடாது. தண்ணீர்க் குழாய்க்குப் பூசும் பேஸ்ட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள அமிலம் செம்பை அரித்துவிடும். முனை துடைக்கப் பித்தளைச் சுருள், தப்பாக வைத்த ஈயத்தை எடுக்க உறிஞ்சி. வேலை முடிந்ததும் முனையில் புது ஈயம் பூசிவிட்டு சுவிட்சை அணையுங்கள், முனை கறுக்காது.

இன்னொரு தம்பி இணையத்தில் வாங்கிய இரண்டு கால் பிளக் அயனோடு வந்தான். நம் ஊர் மூன்று துளை சொக்கெட்டில் பேனா மூடியால் மேல் துளையைக் குத்தித் திறந்து சொருகப் போனான். கையைப் பிடித்துவிட்டேன். அந்த மேல் துளை எர்த்துக்கானது. உலோக உடம்புள்ள அயனுக்கு எர்த் இல்லாவிட்டால் உள்ளே ஒரு கசிவு வந்தாலும் அது நேராகப் பிடித்திருப்பவன் கைக்குத்தான் வரும்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

செந்தூல் அண்ணே, சால்டரிங் புகையைப் பற்றி நான் சொல்கிறேன். தொழிற்சாலையில் சால்டரிங் லைனில் இருந்தவள். எங்கள் மேசை ஒவ்வொன்றிலும் புகை உறிஞ்சும் குழாய் இருந்தது. மின்சாமான்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலையில் நடப்புக்கு வந்ததால் ஏற்றுமதிச் சாமானுக்கு ஈயமில்லாத கம்பிதான். அதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பழகுகிறவர்களுக்குச் சிரமம்.

அக்கா மகன் வீட்டில் சீலிங் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்கிறான், ஒரே இருமல். புகை மேலே போய் மறுபடி முகத்துக்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஈயப் புகை என்று அக்கா பயந்துபோனார். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகிற அளவு ஒன்றுமில்லை, அது பிளக்ஸில் உள்ள ரோசின் (பைன் மரப் பிசின்) எரிகிற புகை. ஆனால் அதுவும் லேசுப்பட்டதல்ல, நாள்பட்டால் ஆஸ்துமா கொண்டுவரும். ஜன்னலோரம் மேசையை மாற்றி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் புகையை வெளியே இழுக்கும்படி வைத்தோம். இருமல் நின்றது.

ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. நாமோ கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். மேசையில் ரொட்டி சானாய் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. எழுந்ததும் சோப்பு போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்

பழுதான டிவியைத் திறந்து பழகலாமா என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பேட்டரியில் ஓடும் சின்ன எல்இடி கிட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அதிலே பழகுகிறான். பாகங்களின் மிஞ்சிய கம்பிக் கால்களை வெட்டும்போது துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், வெட்டும் காலை இன்னொரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுட்டுக்கொண்டால் பற்பசை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.