கலைச்சொல் விவாதம்: ‘இரு காரணி அங்கீகார’த்துக்கு மாற்றாக ‘இருவகைச் சான்று’

நண்பர்களுக்கு வணக்கம்.

கடவுச்சொல்லோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடும் முறைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் அது two-factor authentication. மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போது இருப்பது ‘இரு காரணி அங்கீகாரம்’. மாற்றாக வந்திருப்பது ‘இருபடிச் சரிபார்ப்பு’. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நான் முன்வைப்பது ‘இருவகைச் சான்று’. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் புரிந்தால்தான் ஒருவர் அந்த முறையை இயக்கும் பொத்தானை அழுத்துவார். புரியாவிட்டால் தாண்டிப் போய்விடுவார். அவருடைய அஞ்சல், படங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் வெறும் கடவுச்சொல்லை நம்பியே கிடக்கும்.

முதலில் காரணி. 12-இன் காரணிகள் என்ன என்று பள்ளியில் கேட்பார்கள். நோய்க்கான காரணி என்றும் சொல்கிறோம். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண் எதற்குக் காரணி? ‘அங்கீகாரம்’ இன்னும் சிக்கல். ஏற்றுக்கொள்வது, ஒப்புதல் தருவது என்பதுதான் அதன் பொருள். கணினியிலோ இரண்டு தனி வேலைகள் நடக்கின்றன. வந்திருப்பவர் யார் என்று உறுதி செய்வது ஒன்று, அவர் எதையெல்லாம் தொடலாம் என்று முடிவு செய்வது மற்றொன்று. அங்கீகாரம் இரண்டாவதற்குத்தான் நெருக்கம். அதற்கும் ‘அனுமதி’ என்ற எளிய சொல்லே போதும்.

> இருபடிச் சரிபார்ப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பழகியதை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. இருபடி என்றதும் இருபடிச் சமன்பாடு நினைவுக்கு வருவது சின்ன உறுத்தல்தான், அதை விட்டுவிடலாம். ஆனால் படிகளை எண்ணுவதால் பாதுகாப்பு வந்துவிடாது. கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, அடுத்த பக்கத்தில் ‘நீங்கள் படித்த முதல் பள்ளி எது?’ என்று கேட்கும் தளத்தில் படி இரண்டு. ஆனால் இரண்டும் மனத்தில் வைத்திருக்கும் செய்திதான். போலிப் பக்கத்தில் ஏமாந்து முதலாவதைத் தட்டச்சு செய்தவர், அதே கையோடு இரண்டாவதையும் கொடுத்துவிடுவார். ஏடிஎம்மில் அப்படி இல்லை. அட்டை கையில் இருக்க வேண்டும், எண் நினைவில் இருக்க வேண்டும். திருட வருபவருக்கு இரண்டு வெவ்வேறு திருட்டு. இந்த முறையின் உயிரே அந்த ‘வெவ்வேறு’தான், அதைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2022-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த பாஸ்கீ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்குள் ஒரு மறைசாவி இருக்கிறது, விரலை வைத்தால் அது வேலை செய்கிறது. கையிலிருக்கும் பொருள், உடலின் அடையாளம் என வகை இரண்டு. படியோ ஒன்றே ஒன்று! இதை இருபடிச் சரிபார்ப்பு என்று எப்படி எழுதுவது?

ஆகவே ‘வகை’ வேண்டும். அப்புறம் ‘சான்று’. நீதிமன்றத்தில் சான்று பகர்வது நமக்குப் பழகிய வழக்கு. ‘நான்தான் அவர்’ என்பதற்கு ஒருவர் காட்டுவது சான்றுதானே. இதிலிருந்து ஒரு சொற்குடும்பமே கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நினைவில் இருப்பது அறிவுச் சான்று. கையில் இருப்பது உடைமைச் சான்று. கைரேகை, முகம், கருவிழி எல்லாம் உடற்சான்று. மூன்றையும் கேட்டால் மூவகைச் சான்று, பொதுவாகச் சொன்னால் பல்வகைச் சான்று.

> சான்று என்றால் சான்றிதழோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். சான்றிதழில் ‘இதழ்’ இருக்கிறது. இணையதளத்துக்கு வழங்கப்படும் சான்றிதழ் கோப்பாகவே கிடைக்கிறது.

உடற்சான்று பற்றி உதவிப் பக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் 2015-இல் வெளிவந்த கசிவில் 56 லட்சம் பேரின் கைரேகைகள் போயின. நல்ல வடிவமைப்பில் ரேகை கைப்பேசியை விட்டு வெளியே போவதே இல்லை. உள்ளிருக்கும் சாவியைத் திறப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அடுத்து ஓடிபி. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு பயம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் தொலைபேசியில் கேட்பதே ‘வந்த நம்பரைச் சொல்லுங்க’ என்றுதான். ‘சொல்’ என்று முடியும் பெயரை அதற்கே வைப்பானேன்? ‘ஒருமுறைக் குறி’ என்று எழுதுவோம். பயனர் பார்க்கும் இடத்தில் ‘ஓடிபி’ என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம், எல்லாருக்கும் தெரிந்த சொல்லோடு சண்டை எதற்கு.

அது எந்த வகைச் சான்று என்பதில் மட்டும் கவனம் தேவை. குறுஞ்செய்தியில் வரும் குறி, அந்தத் தொலைபேசி எண் உங்களிடம் இருப்பதைக் காட்டுகிறது. கைப்பேசி சேவை நிறுவன ஊழியரை ஏமாற்றி, வேறொருவர் உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் குறி அவருக்குப் போய்விடும். குறியை உருவாக்கித் தருவதற்கென்றே இருக்கும் செயலியில் தோன்றும் குறி இதைவிட மேல். தொடங்கும்போது கியூஆர் படம் வழியாக ஒரு மறைவெண் கைப்பேசிக்குள் வந்துவிடுகிறது. அதையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கைப்பேசியும் தளமும் தனித்தனியே கணக்கிடுகின்றன. வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை குறி மாறும், இணைய இணைப்புகூடத் தேவையில்லை. 2011-இலேயே தரமாக வெளிவந்த முறை இது. ஆனால் இதையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்துவிட முடியும்; அந்த நொடிகளுக்குள்ளேயே திருடர் உண்மைத் தளத்தில் பயன்படுத்திவிடுவார். பாஸ்கீயும், கணினியில் செருகும் சிறு கருவிகளான பாதுகாப்புச் சாவிகளும் தளத்தின் முகவரியைப் பார்த்தே பதில் தருவதால் போலி முகவரியில் அவை வாய் திறக்காது. அதனால் இந்த மூன்றையும் உதவிப் பக்கத்தில் ஒரே தட்டில் வைத்து எழுதக் கூடாது.

சரி, சொல்லை வரிகளில் வைத்துப் பார்ப்போம்.

‘இருவகைச் சான்றை இயக்கு’
‘உங்கள் இரண்டாம் சான்றைக் காட்டுங்கள்’
‘இந்தக் கணக்குக்கு இருவகைச் சான்று கட்டாயம்’
‘ஒருமுறைக் குறியை யாரிடமும் பகிராதீர்கள், எங்கள் ஊழியர் கேட்டாலும்’

என் காதுக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

தீராத ஒன்று பாக்கி. கடவுச்சொல்லைத் திருடியவர், ‘இது நீங்கள்தானா?’ என்ற அறிவிப்பை உரியவரின் கைப்பேசிக்கு மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார். தொல்லை தாங்காமல் ஒருமுறை ‘ஆம்’ என்று தட்டிவிட்டால் போதும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் இப்படித்தான் நுழைந்தார். ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் கடைசியில் ஏற்றுக்கொண்டுவிட்டார். இதற்கு ‘நச்சரிப்புத் தாக்குதல்’ என்று எழுதலாம் என நினைக்கிறேன். ‘அறிவிப்பு’ என்ற சொல்லும் அதில் வர வேண்டுமா? இதற்கு உங்கள் பதில் வந்ததும் இருவகைச் சான்றையும் இந்தத் தாக்குதலின் பெயரையும் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.