ஆங்கிலத்தில் ஈதர்–ஆர் (either–or), நீதர்–நார் (neither–nor) வந்தால் வினைச்சொல் ஒருமையா, பன்மையா?

கேள்வி:
அலுவலகக் கடிதத்தில் ‘ஈதர் தி மேனேஜர் ஆர் தி கிளர்க்ஸ் ஹேஸ் சைன்ட்’ என்று எழுதியிருந்தேன். ஹேஸ் தப்பு, ஹேவ் போடு என்கிறார்கள். கையெழுத்துப் போட்டது ஏதோ ஒரு தரப்புதானே, ஒருமை ஏன் கூடாது? ‘போத் தி பில்ஸ் வேர் நாட் பாஸ்ட்’ என்பதையும் மாற்றச் சொல்கிறார்கள். அதில் என்ன குறை?

பதில் 1:
ஈதர்–ஆர், நீதர்–நார் இரண்டிலும் வினைச்சொல் தனக்குப் பக்கத்தில் நிற்கும் எழுவாயைப் பார்த்தே மாறும். உங்கள் வாக்கியத்தில் பக்கத்தில் இருப்பது கிளர்க்ஸ், அதனால் ஹேவ். ‘ஈதர் தி கிளர்க்ஸ் ஆர் தி மேனேஜர்’ என்று திருப்பினால் ஹேஸ்தான் சரி. நீங்கள் சொல்லும் காரணம் இரண்டுமே ஒருமையாக இருக்கும்போது மட்டும் பொருந்தும். ஒன்று பன்மை என்றால் அதைப் பின்னால் வைத்துவிடுங்கள், படிக்கும்போது உறுத்தாது.

‘ஈதர் ஹீ ஆர் ஐ’ வந்தால் ஆம் (am) போடுவதா, இஸ் (is) போடுவதா என்று தடுமாற வேண்டாம். பக்கத்தில் இருப்பது ஐ, அதனால் விதிப்படி ‘ஐ ஆம்’தான். முடிந்த இடத்தில் மஸ்ட், வில், கேன் போடுங்கள், அவை யாருக்காகவும் மாறாது: ‘ஈதர் ஹீ ஆர் ஐ மஸ்ட் சைன்’.

பதில் 2:
பில் விஷயம்தான் முக்கியம். ‘இரண்டு பில்லும் பாஸாகவில்லை’ என்றால் நமக்கு ஒரே பொருள், ஒன்றுகூட ஆகவில்லை. அதை அப்படியே போத்–நாட் என்று ஆங்கிலத்தில் வைத்தால், ‘ஒன்றுதான் ஆயிற்று, மற்றது ஆகவில்லை’ என்றும் படிக்க இடமுண்டு. பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் தரக்கூடாது. ‘நீதர் ஆஃப் தி பில்ஸ் வாஸ் பாஸ்ட்’ என்று எழுதுங்கள். ஆஃப் வந்தால் பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. பேச்சில் வேர் என்றும் சொல்வார்கள், கடிதத்துக்கு வாஸ் போதும். ஆஃப் இல்லையென்றால் ‘நீதர் பில் வாஸ்’. மறுப்பு நீதருக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி நாட் சேர்க்காதீர்கள். மூன்று பில் என்றால் நீதர் செல்லாது, ‘நன் ஆஃப் தி பில்ஸ்’.

கேட்டவர்:
தெளிவாயிற்று, நன்றி. ‘வீ ஈதர் அக்செப்ட் கேஷ் ஆர் செக்’ சரிதானா?

பதில் 1:
ஈதர் இடம் மாறி நிற்கிறது. அதற்குப் பின்னால் வினைச்சொல், ஆருக்குப் பின்னால் வெறும் பெயர்ச்சொல். இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் வர வேண்டும்: ‘வீ அக்செப்ட் ஈதர் கேஷ் ஆர் செக்’.

பதில் 2:
அதே கடிதத்தில் பிட்வீன் வந்தால் கவனம். ‘சூஸ் பிட்வீன் கேஷ் ஆர் செக்’ தவறு, அங்கே அண்ட்தான் வரும்.