1985இல் மண்டபம் முகாமில் பிறந்தவரின் மகள் நான்: கடவுச்சீட்டு பெற வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த என் கடவுச்சீட்டு விண்ணப்பம், பெற்றோர் முகாம் பதிவேட்டில் அகதிகளாக இருப்பதாகக் கூறி நிராகரிக்கப்பட்டுள்ளது.

1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்த தாத்தா பாட்டிக்கு, 1985 மார்ச்சில் மண்டபம் முகாமில் அம்மா பிறந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அப்பா 1990இல் வந்தவர். நான் பிறந்தது 2004 ஆகஸ்ட்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்த அம்மா பிறப்பாலேயே குடிமகள். 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்த எனக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகளாக இருந்தாலே போதும். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை இணைத்து மேல்முறையீடு செய்தேன். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் பதில் இல்லை.

அகதிகளை இங்கே நிரந்தரமாகக் குடியமர்த்துவதா, திருப்பி அனுப்புவதா என்ற விவாதத்தில் எங்களையும் சேர்த்தே பேசுகிறார்கள். நான் பார்த்தே இராத நாட்டுக்கு என்னை அனுப்புவதைத் 'திரும்புதல்' என்று எப்படி ஏற்பது?

சட்டம் அறிந்தவர்களிடம் என் கேள்வி இதுதான்: முதலில் அம்மாவின் குடியுரிமையை நீதிமன்றத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டுமா, அல்லது அவரது பிறப்புச் சான்றிதழை வைத்து நானே நேரடியாக ரிட் மனு தாக்கல் செய்யலாமா?