எந்த சத்தம் உங்க நாக்குக்கு வரமாட்டேன்னு நின்னுச்சு, பொறவு எப்பிடி வந்துச்சு? வாங்க, சொல்லுங்க

பாளை ஸ்பீச் தெரபிஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல பிள்ளைகளுக்கு பேச்சுப் பயிற்சி குடுக்குறது என் வேலை. காது கேளாத பிள்ளைகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் நடக்குற ஊரு இது, அதனால இந்த ஊர்ல இந்த வேலை பாக்குறதுல எனக்கு ஒரு பெருமை உண்டு பாத்துக்கிடுங்க.

கொஞ்ச நாளைக்கு முன்ன மானூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாவ. அண்ணப்பிளவோட, அதாவது மேல்வாய் பிளந்து பிறந்த பிள்ளை, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, ஆனா ‘பால்’னு சொன்னா ‘மால்’னுதான் வருது, ‘பாட்டி’ன்னா ‘மாட்டி’. வீட்ல எல்லாரும் சத்தமா சொல்லு, இன்னும் சத்தமா சொல்லுன்னு சொல்லிச் சொல்லி பிள்ளை வாயைத் தெறக்கவே பயப்படுதான். நான் ஒரு எவர்சில்வர் கரண்டியை குளிர்ந்த தண்ணில முக்கித் தொடச்சு அவன் மூக்குக்குக் கீழ வச்சேன், ‘பா பா பா’ன்னு சொல்லச் சொன்னேன், கரண்டில ஆவி படிஞ்சிருச்சு. அதே கரண்டியை அந்த அம்மா மூக்குக்குக் கீழ வச்சு சொல்லச் சொன்னேன், பளபளன்னு அப்பிடியே இருக்கு. ‘மா மா’ன்னு சொல்லச் சொன்னேன், இப்ப அவங்களுக்கும் ஆவி. அந்த அம்மா கரண்டியையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

விஷயம் இவ்வளவுதான், பாவுக்கும் மாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுது, வித்தியாசம் உதட்டுல இல்ல, உள்ள மேலண்ணத்தோட பின்பக்கம் மெத்துன்னு ஒரு பகுதி இருக்குல்லா, நுனில உள்நாக்கு தொங்குமே, அது எழும்பி மூக்குப் பாதையை அடைச்சா ப, தொங்கி வழி விட்டா ம. அந்தப் பையனுக்கு அது சரியா அடைக்கல. அது தெரியாம எத்தனை தடவை சத்தமா சொல்லச் சொன்னாலும் காத்து மூக்கு வழியாத்தான் போகும், சத்தம் மட்டும் கூடும். இப்ப பயிற்சி நடக்கு, கூடவே டாக்டரும் பாக்காவ, ஏன்னா சில பிள்ளைகளுக்கு பயிற்சி மட்டும் போதாது, அண்ணம் நீளம் பத்தலைன்னா இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

தொண்டைல குரல்நாண்ல இருந்து உதடு வரைக்கும் வளந்த ஆம்பிளைக்கு சுமார் 17 சென்டிமீட்டர், பொம்பளைகளுக்கு 14, 15 இருக்கும். உலகத்துல இருக்குற அத்தனை மொழியும் இந்த ஒரு சாண் கூட இல்லாத குழாய்க்குள்ளதான் பிறக்குது. சைனாக்காரனுக்கு வேற நாக்கு, அரபிக்காரனுக்கு வேற தொண்டைன்னு ஒண்ணும் கெடையாது. எங்க அடைக்கோம், எங்க உரசுதோம், மூக்கைத் தெறக்கோமா மூடுதோமா, குரல்நாண் அதிருதா சும்மா இருக்கா, இதுதான் வித்தியாசம்.

ஒரு வேலை செஞ்சு பாருங்க. தொண்டைல விரலை வச்சுக்கிட்டு ‘பம்பரம்’னு மெதுவா சொல்லுங்க. முதல் ப-வுக்கு தொண்டை சும்மா இருக்கும், ரெண்டாவது ப-வுக்கு விரல்ல அதிர்வு தெரியும். எழுத்து ஒண்ணு, சத்தம் ரெண்டு. ‘மரம்’னு பேச்சு வழக்குல வேகமா சொல்லும்போது கடைசில உதடு மூடுதான்னு கண்ணாடில பாருங்க, மூடாது, மூக்கு வழியா ஒரு உயிரோசையாத்தான் முடியும். நாம தினமும் செய்யுறது, நமக்கே தெரியாது.

உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. இடம் காட்டிக் குடுத்ததும் சத்தம் வந்த கதை இருந்தா ரொம்ப சந்தோஷம்.

மேலப்பாளையம்காரன்

அக்கா, நீங்க சொன்னதை வாசிச்சதும் எனக்கு ஓதிக் குடுத்த எங்க அசரத் ஞாபகம்தான் வந்துச்சு. சின்ன வயசுல குர்ஆன் ஓதப் போனா முதல்ல எழுத்தைச் சொல்லித் தரமாட்டாவ, அந்த எழுத்து பிறக்குற இடத்தைத்தான் சொல்லித் தருவாவ, மக்ரஜ்னு அதுக்குப் பேரு. தொண்டையையே மூணா பிரிச்சிருக்காவ, அடித்தொண்டை, நடுத்தொண்டை, மேல்தொண்டை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு எழுத்து. நடுத்தொண்டைல பிறக்குற ஐனும் ஹாவும் தமிழ் நாக்குக்கு லேசுல வராது, ஏன்னா தமிழ்ல நாம க-வோட நிறுத்திருதோம், அதுக்குப் பின்னால போற வேலையே நமக்கு இல்ல. எனக்கு ஐன் ரொம்ப காலம் வெறும் ‘அ’வாத்தான் வந்துச்சு. அசரத் என்ன பண்ணினாவன்னா அவங்க தொண்டைல, சங்குக்கு கொஞ்சம் மேல என் கையை எடுத்து வச்சு, நாக்கோட வேரு பின்னால போய் தொண்டைச் சுவரை நெருங்குறது வெளிய தெரியுற மாதிரி மெதுவா சொல்லிக் காட்டினாவ. அந்த எடத்தை இறுக்கணும்னு அப்பத்தான் புரிஞ்சுது, அன்னைக்கே வந்துருச்சுன்னு சொல்லமாட்டேன், ஆனா எங்க தேடணும்னு தெரிஞ்சு போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். நோன்பு மாசத்தை நம்ம ஆளுங்க ‘ரமளான்’னு ள போட்டு எழுதுதாவல்லா, வடக்க ரம்ஜான்கான், இப்ப அரபு நாட்டுல ட மாதிரி சொல்லுதான், நாம மட்டும் எப்பிடி ள-வுக்கு வந்தோம்னு எனக்கு ரொம்ப நாளா கேள்வி. ஓதுற முறைல, ரமளான்ல வர்ற அந்த ளாத்ங்கிற அரபி எழுத்துக்கு சொல்லியிருக்குற இடம் என்ன தெரியுமா, நாக்கோட ஓரம் மேல் கடவாய்ப் பல்லுல படணும். 8ஆம் நூற்றாண்டுல அரபி இலக்கணம் எழுதின சீபவைஹியும் அதைத்தான் சொல்லுதாரு. நாக்கு ஓரத்துல காத்து போனா அது ல, ள குடும்பம்தான. இன்னைக்கு பெரும்பாலான அரபுப் பேச்சுல அந்தப் பழைய சத்தம் போயிருச்சு, நம்ம ‘ரமளான்’ அதுக்கு எவ்வளவு பக்கத்துல நிக்குதுன்னு நெனைக்கும்போது எனக்கு மனசு நிறைஞ்சு போகும்.

சங்கரன்கோவில் வாத்தியார்

நான் சில வருஷம் எத்தியோப்பியால ஒரு யூனிவர்சிட்டில பாடம் எடுத்தேன், நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேரு அங்க போயிருக்காவ. வணக்கம் சொல்றதுக்கு அம்ஹாரிக்ல ‘தேனா யிஸ்தில்லிஞ்’னு சொல்லணும். நான் சொன்னா பிள்ளைக மரியாதையா பதில் சொல்லும், ஆனா கண்ணுல ஒரு சிரிப்பு ஓடும். அந்த ‘தே’ நம்ம தே இல்லைன்னு தெரியுது, என்னன்னு பிடிபடல. அதுல ஒரு பட்டுன்னு உடையுற சத்தம் இருக்கு, நானும் அழுத்தி அழுத்திச் சொல்லிப் பாக்கேன், இன்னும் மோசமாத்தான் வருது.

பொறவு மொழியியல் படிச்ச ஒரு சக வாத்தியார், அந்த ஊர்க்காரர்தான், காபிக் கடைல உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. முதல்ல மூச்சைப் பிடின்னாரு, கனமான மூட்டையைத் தூக்கும்போது பிடிப்போம்லா அது மாதிரி. அப்பிடிப் பிடிச்சா குரல்நாண் ரெண்டும் ஒட்டி மூடிக்கிடும். இப்ப நாக்கு நுனியை மேல வச்சு அடைச்சுக்கிட்டு, தொண்டைச் சங்கை மேல தூக்குன்னாரு. மேலயும் அடைப்பு, கீழயும் அடைப்பு, நடுவுல மாட்டிக்கிட்ட கொஞ்சூண்டு காத்து நெருக்கப்படுது, நாக்கை விட்டதும் பட்டுன்னு வெடிக்கு. நுரையீரல் காத்துக்கு இதுல வேலையே இல்ல! அதனாலதான் நான் அழுத்தி ஊதி ஊதிச் சொன்னப்போ வராம போச்சு, நான் கீழ இருந்து காத்தை அனுப்பிக்கிட்டே இருந்தேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இப்ப நீங்களும் ‘க்’, ‘த்’னு தனியா சொல்லிப் பாருங்க, சத்தம் வரும். வந்துச்சுன்னா அம்ஹாரிக் பாதி வந்த மாதிரி. ஜார்ஜியா நாட்டு மொழியிலயும் இந்த வகைச் சத்தம் உண்டு.

அன்னைக்கு சாயங்காலமே வாசல்ல நின்ன காவலாளிகிட்ட சொன்னேன், அவரு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு.

களக்காட்டான்

மூச்சில்லாம சத்தம் வருதுன்னு வாத்தியார் சொன்னதால நானும் ஒண்ணு சொல்லுதேன். பல்லி சொன்னா ‘ச்சு ச்சு’ன்னு ஒரு சத்தம் போடுவோம்லா, யாருக்காச்சும் ஒண்ணுன்னா ஐயோ பாவம்ங்கிறதுக்கும் அதேதான். எங்க தாத்தா வண்டி மாட்டை முடுக்க வாயோட ஓரத்துல நாக்கை வச்சு ‘க்ளக் க்ளக்’னு போடுவாவ. இதை எப்பிடி எழுத்துல எழுதன்னே தெரியாது. தென்னாப்பிரிக்கால கோஸா மொழில இது ரெண்டும் சாதாரண மெய்யெழுத்து, நாம க, ப சொல்லுற மாதிரி சொல்லுக்குள்ள வருது, கோஸாங்கிற அந்த மொழிப் பேரோட முதல் சத்தமே தாத்தா மாட்டுக்குப் போட்ட சத்தம்தான், நாக்கு ஓரத்துல எடுக்கிறது. நாக்கு முன்னாலயும் பின்னாலயும் அண்ணத்துல ஒட்டிக்கிடும், நடுவை கீழ இழுத்தா உள்ள காத்து குறையும், விட்டதும் வெளிக்காத்து உள்ள பாயும், அதான் அந்த சத்தம். மூக்கால ‘ம்ம்ம்’னு ராகம் போட்டுக்கிட்டே ‘ச்சு ச்சு’ போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே நேரத்துல வரும்.

செங்கோட்டை மலர்

எங்க ஊரு 1956 வரைக்கும் திருவிதாங்கூர், பொறவு திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, வீட்ல பாதி சொந்தம் புனலூர் பக்கம். ஆரியங்காவு வழியா போற பஸ்ல கண்டக்டர் ‘டிக்கற்று’ம்பாரு, முதல்ல ட, கடைசில ற்ற. நாம ரெண்டையுமே ட-வாத்தான் சொல்லுவோம். மலையாளத்துல லைட்டு, சீட்டு எல்லாம் ற்ற போட்டுத்தான் எழுதுதாவ, யாழ்ப்பாணத்துக்காரங்களும் ‘லைற்’னு எழுதுவாவ. நாம ‘காற்று’ன்னு எழுதி ‘காத்து’ன்னு பேசுதோம், அந்தப் பழைய ற்ற பிறக்குற இடம் மேல்பல்லுக்குப் பின்னால மேடா இருக்குற ஈறு. பல்லுல வச்சா த, ஈறுல வச்சா ற்ற, நாக்கை மடக்கி இன்னும் மேல வச்சா ட. கொஞ்சூண்டு தூரம்தான் ஒண்ணுக்கொண்ணு!

ழ-வும் எங்க வீட்ல பெரிய பாடு. நம்ம பக்கம் வாளப்பளம், கோளி, மளைதான, வகுப்புல மட்டும் ழ கேப்பாவ. எங்க தமிழ் டீச்சர் தொல்காப்பியத்துல பிறப்பியல் பகுதியை எடுத்து வாசிச்சு விளக்கினாவ. ற-வுக்கும் ன-வுக்கும் நாக்கு நுனி எழும்பி அண்ணத்தை ‘ஒற்றும்’, ர-வுக்கும் ழ-வுக்கும் ‘வருடும்’. இந்த ‘வருட’தான் சூட்சுமம்னு சொன்னாவ. பிள்ளைக எல்லாம் நாக்கை மடக்கி மேல போய் ஒட்ட வச்சிருதாவ, ஒட்டினா ள ஆயிருது, ஒட்டாம பக்கத்துல கொண்டுபோய் விட்டா ழ. நான் இப்ப டியூஷன்ல இதையேதான் சொல்லிக் குடுக்கேன், ஒட்டாதேங்கிற ஒரு வார்த்தைல நிறைய பிள்ளைகளுக்கு வந்துருது. எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்துல, வாய்க்குள்ள நாக்கு என்ன செய்யுதுன்னு உணர்ந்தே எழுதி வச்சிருக்காவ, எனக்கு அதை எத்தனை தடவை வாசிச்சாலும் ஆச்சரியம் தீராது.

அம்பாசமுத்திரம் ஆச்சி

பேரன் அமெரிக்கால பிறந்தவன், போன்ல என்கிட்ட தமிழ்தான் பேசுவான். தாத்தாவை ‘டாட்டா’ங்கான். அதுவும் நம்ம ட இல்ல, ரெண்டுங்கெட்டானா இருக்கு. நான் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிக் காட்டினா ரெண்டும் ஒண்ணுதான ஆச்சிங்கான். பிள்ளைக்கு காதுல எதுவும் கோளாறு இருக்குமோன்னு பயமா இருக்கு தாயி. இன்னொண்ணு, இங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை, மூணரை வயசு, ‘காக்கா’வை ‘தாத்தா’ங்கு. அதுக்கு என்ன செய்ய?

பாளை ஸ்பீச் தெரபிஸ்ட்

ஆச்சி, பேரனைப் பத்தி நீங்க சொன்னதை வச்சு மட்டும் பயப்பட வேண்டாம். 1984ல கனடால ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ்னு ரெண்டு பேரு கைக்குழந்தைகளை வச்சு ஆராய்ச்சி பண்ணினாவ, இந்திலயும் நம்ம மாதிரி ட, த ரெண்டு உண்டுல்லா, அதைத்தான் கேக்க வச்சாவ. இங்கிலீஷ் பேசுற வீட்டுப் பிள்ளைக 6லேர்ந்து 8 மாசத்துல ரெண்டையும் நல்லா பிரிச்சுக் கண்டுபிடிச்சுது, ஒரு வயசு நெருங்குறப்போ அது ரொம்ப குறைஞ்சு போச்சு. இந்தி பேசுற வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பிடிக் குறையல. சுத்தி எந்த மொழி கேக்குதோ அதுக்குத் தக்க காது பழகிருது. அவன் காதுல விழுற இங்கிலீஷ் ‘ட’ மலர் சொன்ன ஈறுல பிறக்குது, அதான் உங்களுக்கு ரெண்டுங்கெட்டானா கேக்கு. வீடியோ கால்ல வாயைப் பக்கத்துல காட்டி, நாக்கு நுனி பல்லுக்கு வெளிய லேசா தெரியுற மாதிரி ‘தாத்தா’ சொல்லுங்க, அவனையும் கண்ணாடி முன்னால அதே மாதிரி சொல்லச் சொல்லுங்க. மொதல்ல கண்ணுக்குத் தெரியட்டும், காது பின்னால வரும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணரை வயசுன்னா பெரிய கவலை இல்ல, நிறைய பிள்ளைக க-வை த-வாத்தான் ஆரம்பிக்கும், நாலு வயசுக்குள்ள பெரும்பாலும் மாறிரும். வாயை அண்ணாக்க வச்சு கொஞ்சம் தண்ணி விட்டு கொப்பளிக்கிற விளையாட்டு விளையாடச் சொல்லுங்க, நாக்கோட பின்பக்கத்துக்கு அது நல்ல வேலை. நாலு வயசு தாண்டியும் அப்பிடியே இருந்துச்சுன்னா கூட்டிட்டு வரச் சொல்லுங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை காது டெஸ்ட் பாத்துரட்டும், சளி கட்டி காது மந்தமா இருந்தாலும் இப்பிடி வரும். பேரனுக்கும் அங்க காது டெஸ்ட் ரிசல்ட் இருக்கும்லா, மகள்கிட்ட ஒருவாட்டி கேட்டு வச்சுக்கிடுங்க.

வாத்தியார் சார், அம்ஹாரிக்ல அந்த ‘தே’யை நீங்களே சொல்லி ஒரு ஆடியோ போடுங்க, எங்க சென்டர்ல எல்லாருக்கும் கேக்கணுமாம்.