சாம்பல் நிறக் கிளிமூக்கு: நிறத்துக்கு முதலிடமா, உருவத்துக்கா?

கேள்வி (திண்டுக்கல் வளர்ப்பாளர்):
வணக்கம். கண்காட்சிக்கெனக் கிளிமூக்கு விசிறிவால் கோழிகளை வளர்த்து வருகிறேன். சாம்பல் நிறச் சேவலுக்குச் சாம்பல் நிறப் பெட்டைகளையே சேர்த்தும், குஞ்சுகளில் கறுப்பும், வெள்ளையில் சாம்பல் தெறித்தவையும் கலந்தே வருகின்றன. கலப்பில்லாதவை என்று சொல்லித்தான் பெட்டைகளைக் கொடுத்தார்கள். அவற்றுள் எதற்கும் மூக்கு வளைவு போதவில்லை. ஆனால், பிறந்த கறுப்புப் பெட்டை ஒன்றுக்கு மூக்கும் கழுத்தும் நன்றாக அமைந்துள்ளன. நிறத்துக்காக அதைக் கழித்துவிடலாமா?

மறுமொழி (மரபியல் ஆர்வலர்):
கழிக்க வேண்டாம் ஐயா. பெட்டைகளைக் கொடுத்தவர் மீதும் குற்றமில்லை. கறுப்பு நிறமியை வெளிறச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. அது ஒரு பிரதியாக இருந்தால் சாம்பல், இரண்டாக இருந்தால் தெறிப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. ஆகவே சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால், சராசரியாகப் பாதி சாம்பலும், கால் பங்கு கறுப்பும், கால் பங்கு தெறிப்பும் பிறக்கும். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பங்கீடு மாறாது. நீல அண்டலூசியன் கோழி இனத்தை (இந்தச் சாம்பலைத்தான் அங்கே நீலம் என்பார்கள்) வளர்த்த இங்கிலாந்துக்காரர்களும் இதே சிக்கலோடு நெடுங்காலம் போராடினார்கள். 1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பின்னரே காரணம் தெளிவாயிற்று. உங்கள் கறுப்புப் பெட்டைக்குத் தெறிப்புச் சேவல் ஒன்றைச் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் சாம்பலாகவே வரும்.

மறுமொழி (கரூர் பண்ணையாளர்):
மேலே சொன்னதை வைத்தே நான் ஒரு படி மேலே செல்வேன். ஒரே மரபணுவால் அமையும் நிறத்தை ஒரு சேர்க்கையில் மீட்டுவிடலாம். மூக்கின் வளைவு, கழுத்தின் நீளம், நிற்கும் தோரணை, வாலின் அடர்த்தி ஆகியவையோ பல மரபணுக்கள் கூடி அமைப்பவை என்பதால், ஒருமுறை இழந்தால் திரும்பப் பெறப் பல தலைமுறைகள் ஆகும். சேவலை மட்டும் விலை கொடுத்து வாங்கிவிட்டு, பெட்டை எதுவானாலும் போதும் என்றிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி மரபு பெட்டையிடமிருந்து வருகிறது என்பதை அவர்கள் எண்ணுவதேயில்லை. அந்தக் கறுப்புப் பெட்டைதான் உங்கள் கூட்டத்தின் அடித்தளம். ஆனால் அதன் தந்தையோடு திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்; பொரிப்புத் திறனும் குஞ்சுகளின் உயிர்ப்பும் குறையும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தெறிப்புச் சேவல் கிடைக்காவிட்டால், வெள்ளைச் சேவலைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி (மரபியல் ஆர்வலர்):
கூடாது. வெள்ளை வேறு மரபணுக்களாலும் வரும். அது பிற நிறங்களை மூடி மறைத்து வைத்திருக்கும் என்பதால், என்ன நிறக் குஞ்சு வரும் என்று சொல்லவே முடியாது. சாம்பல் புள்ளிகள் தெளிவாகத் தெரியும் சேவலையே தேடுங்கள். கிடைக்கும்வரை இப்போதுள்ள சாம்பல் சேவல்களில் மூக்கு வளைந்த ஒன்றைக் கறுப்புப் பெட்டைக்குச் சேர்த்தால் பாதிக் குஞ்சுகளாவது சாம்பலாக வரும். செம்மை கலந்த கோழிகளில் சாம்பல் தரும் மரபணு கறுப்பை மட்டுமே வெளிறச் செய்யும், செம்மை பெரும்பாலும் அப்படியே நிற்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.