அண்மையில் வாங்கிய 2012 பிரியஸ் காலையில் உதறுகிறது, கூலன்ற் குறைகிறது. பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா?

வன்னி_வண்டி

வணக்கம். வண்டி 2012 டொயோட்டா பிரியஸ், பெற்றோல் என்ஜினும் பற்றரியில் ஓடுகிற மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட், மூன்றாம் தலைமுறை, 1.8 லீற்றர் என்ஜின். சித்திரை வருசத்துக்குக் கொஞ்சம் முன்னர் வெளிமாவட்டத்தில் ஒரு கார் சேலில் எடுத்தேன், எந்த இடம் என்று இங்கே எழுத விருப்பமில்லை. நான் இருப்பது வவுனியாவில். மீற்றர் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் காட்டுகிறது, ஸ்டியரிங்கின் தோல் தேய்ந்திருக்கிற அளவைப் பார்த்தால் அது வேறு கதை சொல்கிறது.

பிரச்சினை இதுதான். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால், என்ஜின் பிடிக்கிற நேரத்தில் போனற்றுக்குள் யாரோ சுத்தியலோடு இருக்கிற மாதிரி உதறும். கொஞ்ச நேரம்தான், பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும், பகல் முழுக்கச் சத்தமில்லை. செக் என்ஜின் லைற் சில நாள் எரியும், சில நாள் தானாகவே போய்விடும், உதறும்போது ஓரிரு தடவை விட்டு விட்டு மின்னியும் இருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ற் திரவத்தின் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் நிலத்தில் ஒரு சொட்டுக் கூட இல்லை, மட்டை விரித்துப் பார்த்துவிட்டேன்.

முதல் கராஜில் ஸ்கானரைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்றார்கள். சொன்ன விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது கராஜில் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவித் தந்தார்கள், அடுத்த நாள் காலை அதே உதறல். இதைவிட மத்தியான வெயிலில் ஓடினால் பின் சீட்டுப் பக்கமிருந்து ஃபான் பெரிதாக இரைகிறது. இன்னொன்று, டிரைவர் கதவைத் திறந்தாலே உள்ளே எங்கேயோ மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அதுவும் பழுதா?

சேல்காரருக்கு ஃபோன் எடுத்தால் "ஹைபிரிட்டுக்கு வாரன்ரி இல்லை என்று அப்பவே சொன்னோமே" என்கிறார். என்ன செய்யலாம்?

அக்குவா_ராசன்

பற்றரிதான் அண்ணை. என்னுடைய அக்குவாவிலும் (அதுவும் டொயோட்டா ஹைபிரிட்தான்) செக் லைற் வந்து, கடைசியில் பற்றரி மாற்றித்தான் சரி வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வருசம் ஓடின பற்றரி, இனி என்ன மிச்சம் இருக்கும்? வீணாக அங்கே இங்கே காசு செலவழிக்காமல் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள்.

பழைய_ஸ்பானர்

தம்பி, அவசரப்பட்டுப் பற்றரிக்குக் காசு கட்ட வேண்டாம். ஹைபிரிட் என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லாருக்கும் பற்றரி மட்டும்தான் ஞாபகம் வருகிறது, அந்த போனற்றுக்குள் ஒரு பெற்றோல் என்ஜினும் இருக்கிறதென்பதை மறந்துவிடுகிறார்கள். பற்றரி பழுதானால் வண்டி இழுக்காது, திரையில் பற்றரிக் கட்டைகள் ஏறி இறங்கி விளையாடும், சிவப்பு முக்கோணம் எரியும். கூலன்ற் குடிக்காது.

நீங்கள் எழுதிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: இரவு நின்ற பிறகு மட்டும் உதறல், வெளியே ஒழுகாமல் கூலன்ற் குறைவது, மின்னுகிற செக் லைற். இது மூன்றாம் தலைமுறை பிரியஸ் ஓடுகிற எல்லா ஊரிலும் தெரிந்த கதை, ஹெட் கஸ்கட், அதாவது என்ஜின் புளொக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் இடையில் ஒழுகாமல் அடைக்கிற தகடு. ஓடி நிறுத்திய என்ஜினின் கூலிங் லைனில் அழுத்தம் இன்னும் இருக்கும். கஸ்கட்டில் ஒரு இடம் விட்டிருந்தால் அந்த அழுத்தம் கூலன்ற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் மோட்டர் என்ஜினைச் சுழற்றும்போது நனைந்த சிலிண்டர் பற்றாது, மற்ற மூன்றும் பற்றும், அதுதான் அந்த அடி. நனைந்தது எரிந்து முடிந்ததும் ஒழுங்காக ஓடும். அதனால்தான் பிளக் மாற்றியும் பலனில்லை. பகலில் கராஜுக்குக் கொண்டுபோனால் எவருக்கும் அகப்படாமல் போவதும் அதனால்தான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை. மாலையில் வண்டியைக் கராஜில் விட்டு, என்ஜின் ஆறிய பிறகு கூலிங் சிஸ்டத்துக்குப் பிறசர் ரெஸ்ரரைப் பூட்டிக் காற்று ஏற்றி இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் என்ஜினை ஸ்ரார்ட் பண்ண முன்னரே நான்கு பிளக்கையும் கழற்றி, துளைக்குள் சின்னக் கமெராவை இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பிஸ்டன் மட்டும் ஈரமாக, கரி கழுவப்பட்டுப் பளபளவென்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஸ்கான் பண்ணின கராஜில் என்ன கோட் (பழுதைக் காட்டுகிற குறியீட்டு இலக்கம்) வந்தது என்று கேட்டீர்களா? பி0300 முதல் பி0304 வரை என்றால் சிலிண்டர் பற்றாமல் விடுகிறது. பி0401 என்றால் ஈஜிஆர் அடைத்திருக்கிறது. பற்றரி என்றால் பி0ஏ80 வந்திருக்க வேண்டும். கோட்டைச் சொல்லாமல் "பற்றரி" என்று மட்டும் சொல்கிற கராஜுக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

ஈஜிஆரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை விட்டுவிட்டுக் கஸ்கட்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் வரும். எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி என்ஜினுக்குள் அனுப்பி, சிலிண்டருக்குள் சூட்டைக் குறைப்பதுதான் அந்த அமைப்பின் வேலை. குளிரவைக்கிற கூலர் என்ஜினுக்குப் பின்னால், ஃபயர்வோல் பக்கம் இருக்கிறது. வைப்பரையும் அதன் கீழ்த் தட்டையும் கழற்றாமல் கை போகாது. அதனால்தான் அதை யாரும் கழுவுவதில்லை. ஓட்டம் கூடக் கூட அதன் சின்னச் சின்னத் துளைகளில் கரி தார் மாதிரி படிந்து அடைக்கும். முன்பக்க இன்ரேக் மனிஃபோல்டிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன வழி இருக்கிறது, அதில் ஒன்றிரண்டு அடைத்தால் திறந்திருக்கிற சிலிண்டருக்கு மட்டும் புகை கூடுதலாகப் போய் அதுவும் உதறும். கூலர் அடைத்து, உள்ளே சூடு கூடி, கஸ்கட் விடுகிறது என்பதுதான் இந்த என்ஜினோடு கனகாலம் வேலை செய்தவர்கள் பெரும்பாலானோர் சொல்கிற காரணம். பிறசர் ரெஸ்ற்றில் கஸ்கட் நல்லது என்று வந்தாலும் கூலர், வால்வ், மனிஃபோல்ட் மூன்றையும் கழற்றிக் கழுவுங்கள்.

கஸ்கட்தான் என்றால் ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, புதுக் கஸ்கட், புது ஹெட் போல்ட் போட வேண்டும். பழைய போல்ட் இழுபட்டிருக்கும், "இது நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் பூட்ட விடாதீர்கள். ஒழுக்கை அடைக்கிற திரவம் என்று போத்தலில் விற்பார்கள், அதை மட்டும் ஊற்ற வேண்டாம். இந்த என்ஜினில் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது, பெல்ற்றே கிடையாது. அந்தப் பசை பம்பிலும் ஈஜிஆர் கூலரிலும் போய் இறுகினால் ஒரு செலவு இரண்டாகும்.

கதவு திறந்தால் வருகிற சத்தம் பிரேக் பம்ப். நீங்கள் பிரேக்கில் கால் வைக்கும்போது அழுத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓடுகிறது. பழுதில்லை. நிற்காமல் அடிக்கடி ஓடினால் அப்போது பார்க்கலாம்.

தூசி_தட்டுபவன்

மேலே ஸ்பானர் சொன்னது சரி, ஆனால் பற்றரியை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். பின் சீட்டுப் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஒரு வாய் இருக்கிறது அல்லவா, பற்றரிக்குக் காற்று போவது அதனூடாகத்தான். நம்முடைய செம்மண் புழுதி, நாய் மயிர், ரிசூக் கடதாசி, பிள்ளைகள் சாப்பிட்ட பிஸ்கற்றுத் தூள் எல்லாம் அதற்குள்தான் போகும். நான் ஒன்றைத் திறந்து பார்த்தபோது ஃபான் இதழ்களில் புழுதி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது, இதழே தெரியவில்லை. காற்று போகாவிட்டால் பற்றரி சூடாகும், ஃபான் இன்னும் வேகமாக ஓடும், நீங்கள் கேட்கிற இரைச்சல் அதுவாக இருக்கலாம். முதலில் அதைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். அந்த வாய்க்கு முன்னால் பை, தலையணை வைக்கிற பழக்கம் வேண்டாம்.

பற்றரியின் உடம்பைப் பார்க்க முழு ஸ்கானர் வேண்டியதில்லை, வண்டியின் ஸ்கானர் சொக்கற்றில் செருகுகிற ஒரு புளூடூத் ஓபிடி துண்டும் ஃபோனில் டொக்டர் பிரியஸ் செயலியும் போதும். உள்ளே 28 மொடியூல், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 201.6. இரண்டிரண்டாகச் சேர்த்து 14 கட்டங்களாகக் காட்டும். நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஏற்றத்தில் அழுத்திக்கொண்டு பாருங்கள். ஒரு கட்டம் மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் கீழே விழுந்தால் அதுதான் நோயாளி. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டில் இருக்கிற 12 வோல்ற் சின்னப் பற்றரியையும் அளந்துவிடுங்கள். அது சோர்ந்தால் டாஷ்போட்டில் இருக்கிற லைற் எல்லாம் திருவிழா மாதிரி எரியும், பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பெரிய பற்றரியை மாற்றுகிறார்கள். அக்குவா_ராசன் கோபிக்க வேண்டாம், உங்களுடையது உண்மையிலேயே போயிருக்கலாம்.

யூரியூப் பார்த்துவிட்டு செம்மஞ்சள் வயர்களில் கை வைக்காதீர்கள். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வேற்றர் அந்த 201.6 வோல்ற்றை 650 வரை தூக்குகிறது. பெரிய பற்றரியைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடமாவது விட்டு, 1000 வோல்ற் தாங்குகிற கையுறையோடு செய்கிற வேலை அது.

கடல்நாச்சி

வண்டி வேலை எனக்குத் தெரியாது, காசு போன கதை தெரியும். விற்றவர் தொழிலாக வாகனம் விற்பவர் என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். நாளைக் கடத்தாமல் கொடுங்கள். கராஜ் அறிக்கை, கோட் வந்த திரையின் படம், காலை உதறலின் வீடியோ, பற்றுச்சீட்டு, விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருந்ததன் படம் எல்லாம் சேர்த்து வையுங்கள். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழைப் பார்த்தீர்களா? அங்கே சோதனை செய்தபோது இருந்த ஓட்டம் அதில் இருக்கும், அதற்குப் பிறகு இங்கே ஓடியதைக் கூட்டிப் பார்த்தால் மீற்றர் உண்மை பேசுகிறதா என்று விளங்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் திறக்கும்வரை புது வண்டி வரவில்லை, அந்த இடைவெளியில் பழைய ஹைபிரிட்டுகளைத்தான் கழுவிப் பூசிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வாயால் சண்டை போடுவதைவிட ஒரு கடிதம் வேலை செய்யும்.

வன்னி_வண்டி

எல்லாருக்கும் நன்றி. ஃபானைக் கழற்றிப் பார்த்தேன், தூசி_தட்டுபவன் சொன்ன கம்பளி அப்படியே இருந்தது. கழுவிப் பூட்டியதும் இரைச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. செயலியில் கட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்குகின்றன, பற்றரியை இப்போதைக்கு விடுகிறேன்.

முதல் கராஜில் கோட்டைக் கேட்டேன், துண்டில் எழுதித் தந்தார்கள்: பி0301, பி0401. பற்றரிக் கோட் எதுவும் இல்லை. பிறகு வேறொருவரிடம் இரவு விட்டுப் பிறசர் ரெஸ்ற் செய்தோம். ஒன்றாம் சிலிண்டர் பிஸ்டனின் மேல் கூலன்ற் தேங்கி நின்றது, இளஞ்சிவப்பு நிறம் கமெராவிலேயே தெரிந்தது. அந்தப் படத்தைச் சேல்காரருக்கு அனுப்பி, அதிகார சபைக்கு எழுதப் போகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. சாமான் செலவில் பாதி தருகிறேன், ஆனால் வண்டியைத் தன்னுடைய கராஜுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். இங்கிருந்து அங்கே ஓட்டிக்கொண்டு போகலாமா? வழியில் தண்ணீர் விட்டு விட்டுப் போனால் தாங்காதா?

பழைய_ஸ்பானர்

ஓட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் திரவம் நிறைந்த நேரத்தில் என்ஜின் சுழன்றால் பிஸ்டனைத் தாங்குகிற கொனெக்ரிங் றொட் வளையும், பிறகு கஸ்கட் வேலை என்ஜின் மாற்றுகிற வேலையாகிவிடும். மின்னுகிற லைற்றோடு ஓட்டினால் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேற்றரும் போகும். ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்தக் கூலியையும் அவரிடமே கேளுங்கள்.

ஆனால் நான் என்றால் அவருடைய கராஜுக்கு அனுப்பமாட்டேன். பாதிக் காசைக் கையில் வாங்கிக்கொண்டு, ரெஸ்ற் செய்து கண்டுபிடித்தவரிடமே வேலையைக் கொடுப்பேன். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஈஜிஆர் கூலர் கழுவுவது, ஹெட் மட்டம் பார்ப்பது, புது போல்ட் இந்த மூன்றையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், கழற்றிய பழைய கஸ்கட்டையும் போல்ட்டுகளையும் திரும்பத் தரச் சொல்லுங்கள்.

கூலன்ற் ஊற்றும்போது அந்த இளஞ்சிவப்பு வகையே வேண்டும், கலந்து வருவது, தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். இன்வேற்றருக்குத் தனித் தொட்டி, தனிப் பம்ப் இருக்கிறது, அதன் மட்டத்தையும் ஒருக்கால் பாருங்கள். நிரப்பிய பிறகு காற்று முழுக்க வெளியேற்றினார்களா என்று கேளுங்கள், காற்று நின்றால் புதுக் கஸ்கட்டும் சூடாகும்.