அறிவிப்பு வண்டி போன பிறகும் கிளம்பாதவர்கள்

கால்வாய்க்கரை:

வேலூரில் நிக்கல்சன் கால்வாய்க்குப் பக்கத்தில் எங்கள் தெரு. 2021 நவம்பர் மழையை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணலாகவே பார்த்துப் பழகிய பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் நின்று பார்க்க அவ்வளவு கூட்டம். 1903-ல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளம் பற்றித் தாத்தா சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் எங்கள் தெருவுக்குள் வந்தது கால்வாய்த் தண்ணீர்.

மத்தியானம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டே போனார்கள். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் முகாமுக்குப் போக வேண்டுமாம். பாதித் தெரு கிளம்பியது. கடைசி வீட்டு ஆயா கிளம்பவில்லை. எழுபதைத் தாண்டியவர், பீடி சுற்றுகிறவர். மகனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இரண்டு கால்களும் வராது, மூன்று சக்கர வண்டியில்தான் வெளியே வருவார். நான் போனபோது ஆயா முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வண்டி வந்துச்சே ஆயா, கேக்கலியா?"

"ஏதோ கத்திக்கினு போனான். இன்னா சொன்னான்னு எனக்கு எங்கமா கேக்குது?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "இந்த இலையும் தூளும் நனைஞ்சா யாரு குடுப்பா?" என்றுதான். இலையும் தூளும் கணக்குப் போட்டுக் கொடுப்பது. குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஒரு வாரக் கூலி முறத்தில் இருக்கும்போது "பத்திரமான இடத்துக்குப் போங்கள்" என்பதற்கு அவருக்கு என்ன அர்த்தம்? பிளாஸ்டிக் பையில் கட்டி பரண்மேல் ஏற்றிய பிறகுதான் எழுந்தார்.

மகன் வர மாட்டேன் என்றார். "அங்க படி இருக்கும்கா. உங்களுக்கு எதுக்கு கஷ்டம்? அம்மாவ கூட்டினு போங்க." சொன்னதுபோலவே, முகாம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில். நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். கழிவறை கீழே, வளாகத்தின் மூலையில். ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிடக் கூச்சப்பட்டு, அங்கிருந்த இரண்டு நாளும் அவர் தண்ணீர் குடிக்காமலே பார்த்துக்கொண்டார். ஆயா தம்ளரை நீட்ட நீட்ட, "வேணாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளத்தை விட எனக்கு அந்த முகம்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

இது எந்த ஊரில் நடந்தது என்று நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. அவர் தொடங்கிய மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் இங்கே வந்து மறுபடி வாழக் கற்றுக்கொண்டு போகிறார்கள். நம் முகாம் மாடியில், கழிவறை கீழே.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் மகளிர் குழுவில் ஒரு நோட்டு போட்டோம். காது கேட்காதவர் யார், நடக்க முடியாதவர் யார், டயாலிசிஸ் போகிறவர் யார், நிறைமாதம் யாருக்கு, வீட்டில் நனையக் கூடாத வேலைப்பொருள் என்ன, யார் போய்க் கதவைத் தட்டுவது. கத்திரி வெயிலுக்கும் அதே நோட்டுதான். தகரக்கூரை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை மத்தியானம் ஒரு தரம் எட்டிப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 8-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படியானால் எங்கள் நோட்டு தயவு கேட்பது இல்லை. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுவோடு ஒரு நகலும் சேர்த்துக் கொடுத்தோம்.

உங்கள் தெருவில் யார் விடுபட்டுப்போனார்கள்? எழுதுங்கள்.

லாட்ஜ் வேலைக்காரன்:

அக்கா, நான் காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் இருக்கிறேன். எங்களிடம் தங்குபவர்களில் நிறையப் பேர் வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள். ஒரு மழை ராத்திரி சாக்கடை பொங்கிக் கீழ்த்தள அறைகளுக்குள் வந்துவிட்டது. சாயங்காலமே வண்டியில் எச்சரித்திருந்தார்கள், ஆனால் தமிழில். ஒரு வயதான தம்பதி அதை ஓட்டு கேட்கும் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, தையல் கூடப் பிரிக்கவில்லை. சந்து முனையில் காய்கறி விற்கும் அண்ணன்தான் வங்காளத்தில் கத்திக் கத்தி எல்லோரையும் மேலே ஏற்றினார். வியாபாரத்துக்காகக் கற்றுக்கொண்ட பாஷை. வார்டு கூட்டம் எதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கால்வாய்க்கரை:

தம்பி, வெளியூரில் இருந்து வந்து தங்குபவர்கள் எங்கள் நோட்டில் இல்லவே இல்லை. நீங்கள் சொல்லித்தான் உறைக்கிறது. அந்த அண்ணன் சம்மதித்தால் "தண்ணீர் ஏறுகிறது, மாடிக்கு வாருங்கள்" என்பதை வங்காளத்தில் அவர் குரலிலேயே செல்போனில் பதிந்து அனுப்புங்கள். அடுத்த மழைக்குள் அறிவிப்பு வண்டிக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்கிறோம்.